பத்து விரலையும் எண்ணுங்கள்

(நமது சங்கத்தின் கோலார் தங்கவயல் கிளை ராபர்ட்சன்பேட்டையில் நடத்திய குடும்பக் கூடுதலில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம். இறுதியில் கேள்வி-பதில் பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளது.)



கிளைச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "மாமா, சுரங்க காலத்து ஞாபகங்களைச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார். நான், "ஞாபகங்களை எத்தனையோ பேர் சொல்லியாச்சுப்பா. இந்தத் தடவை என் காலைப் பத்திப் பேசறேன்" என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளையாட்டல்ல. இந்த ஹாலில் ஏறக்குறைய அறுபது பேர் இருக்கிறோம். காலையில் காபிக்கு வரிசையில் நின்றபோது "எனக்கு சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தேசத்தின் கணக்கும் சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள்.

நான் டாக்டர் அல்ல. 1971-ல் இங்கே சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அடுத்த வருஷமே கம்பெனி பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்படும் வரை அங்கேதான் உத்தியோகம். எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது 1994-ல், நாற்பத்தைந்தாவது வயதில். ஆகவே முப்பது வருஷத்துக்கு மேல் நோயோடு குடித்தனம் நடத்துகிற அனுபவஸ்தன் என்ற முறையில் பேசுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் நான் சொல்வதை வைத்து யாரும் எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

என்ன நடந்தது?

2011 சித்திரை மாதம். ஒரு கோவிலில் உச்சிவேளையில் பிரதட்சிணம் செய்தேன். கருங்கல் தரை. கூட வந்தவர்கள் எல்லாரும் "சுடறதே, சுடறதே" என்று நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக மூன்று சுற்றும் முடித்தேன். "மாமாவுக்கு என்ன பக்தி!" என்று ஒருவர் சொல்ல, எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. அது பக்தியல்ல, கால் மரத்துப் போயிருந்தது. அது எனக்கு அன்று தெரியாது.

மறுநாள் சாயங்காலம் என் சம்சாரம் கூடத்தில் நின்றுகொண்டு, "ஏன்னா, தரையெல்லாம் இது என்ன கறை?" என்று கேட்டாள். பூஜை அறையிலிருந்து வாசல் திண்ணை வரை வரிசையாக ஒரு கால் தடம். நானும் அவளோடு சேர்ந்து அது யார் கால் என்று தேடினேன். என் கால்தான். வலது பாதத்தின் அடியில், சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் கீழே, கொப்புளம் கிளம்பி உடைந்து நீரும் ரத்தமும் கசிந்திருந்தது. எனக்கு எறும்பு கடித்த அளவு கூட வலியில்லை.

வலி இல்லாததால் பயமும் இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். பிறகு மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினேன். ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் குளிர் ஜுரம், காலில் வாடை. விரல் நுனி கறுத்துவிட்டது. பிள்ளை பெங்களூரிலிருந்து ஓடி வந்து அழைத்துப் போனான். அங்கே பரிசோதித்ததில் ஹெச்பிஏ1சி 9.8. காலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் அடைப்பு. குழாயைப் பலூன் வைத்து விரித்துக் காலைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த சர்ஜன் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "முதல் நாளே வந்திருந்தால் இது வெறும் தீக்காயம் சார்" என்றார். அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பேசத்தான் இங்கே நிற்கிறேன்.

கால் ஏன் மரத்துப் போகிறது?

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான். அதனால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி, பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி என்று அறிகுறி இருக்கும். சிலருக்கு எதுவுமே இருக்காது. அவர்கள்தான் என் கட்சி.

நரம்பு கெட்டால் உணர்ச்சி மட்டும் போவதில்லை. பாதத்தில் வியர்வை வற்றுகிறது; தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழுகிறது; வெடிப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. பாதத்தின் சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. உடம்பின் பாரம் பாதம் முழுவதும் பரவாமல் ஓரிரு இடத்திலேயே விழுகிறது. அங்கே தோல் தடித்து ஆணி மாதிரி ஆகி, அதன் அடியில் புண் வைக்கிறது. சர்க்கரைக்காரர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது காலில் புண் வருகிறது என்கிறார்கள்.

நம் பக்கத்து வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

விரல் போன பிறகு விசேஷச் செருப்புக்காக வேலூர் போனேன். பங்காருபேட்டையில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி. தங்கவயல்காரர்களுக்கு வேலூர் ஒன்றும் தூரமல்ல. அங்கே தெரிந்துகொண்ட சரித்திரத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

டாக்டர் பால் பிராண்ட் என்பவர் 1914-ல் நம் சேலம் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தகப்பனாரும் தாயாரும் அங்கே மிஷனரிகள். லண்டனில் வைத்தியம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு சர்ஜனாக வந்தார். குஷ்டரோகிகளின் கைகால் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்தக் காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் பல வருஷம் கூடவே இருந்து கவனித்து, அது அப்படியல்ல என்று நிரூபித்தார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், அவர்களே அறியாமல் தினமும் காயப்படுத்திக்கொள்கிறார்கள். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். புண்ணான காலிலேயே பாரம் போடுகிறார்கள். காயத்தைத் தடுத்தால் விரல் நிற்கிறது. அவர் கண்டது இதுதான்.

அவர் வாழ்க்கையிலேயே ஒரு சம்பவம். அமெரிக்கா போய்க் கப்பலில் இங்கிலாந்து திரும்பி, நெடுநேரம் ரயிலில் உட்கார்ந்து லண்டன் வந்தார். ராத்திரி காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தமக்கே குஷ்டம் வந்துவிட்டது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீர் என்று வலித்தது! வெறும் மரமரப்புத்தான். வலித்ததற்காக அன்று தெய்வத்துக்கு நன்றி சொன்னார். நாம் எல்லாரும் வலி போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். அவர் வலி திரும்பி வந்ததற்கு ஆனந்தப்பட்டார்.

1966-ல் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் குஷ்டரோக மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்ததும், வேலூரில் பார்த்த அதே புண் இதுவும் என்று தெரிந்தது. நோய் வேறு, வலி தெரியாத கால் ஒன்றே. பாதத்தை முழுக்க ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பும் வைத்தியத்தை அங்கே பரப்பினார். 2003-ல் காலமானார். குஷ்டரோகிகளுக்காக வேலூரிலும் அடுத்துள்ள கரிகிரியிலும் பயன்படுத்திய எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று நாடெங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். இதோ நான் போட்டிருப்பதும் அதுதான். குஷ்டரோகியைக் கண்டால் ஒதுங்கிப் போன சமூகம் நாம். அவர்கள் கால் கற்றுக்கொடுத்த பாடம்தான் என் காலைக் காப்பாற்றுகிறது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உங்கள் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது சுலபம். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். ஊசியில்லை, ரத்தமில்லை; இரண்டு நிமிஷ வேலை. வருஷம் ஒரு தடவையாவது செய்துகொள்ளுங்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். எனக்கு 1994-லிருந்து 2011 வரை பதினேழு வருஷம் ரத்தத்தைச் சோதித்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

ரத்த ஓட்டம்

நரம்பு ஒரு கதை. ரத்தக் குழாய் இன்னொரு கதை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை இவை நான்கும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் படிவு சேர்க்கின்றன. இருதயத்தில் சேர்ந்தால் மாரடைப்பு, மூளையில் சேர்ந்தால் பக்கவாதம், காலில் சேர்ந்தால் ஆறாத புண். காலில் அடைப்பு இருக்கிறவருக்கு இருதயத்திலும் இருக்கலாம் என்று டாக்டர்கள் ஜாக்கிரதையாகப் பார்ப்பது அதனால்தான்.

நடக்கும்போது ஆடுசதையில் பிடிப்பு வந்து, நின்றால் விட்டுவிடுவது முக்கிய அறிகுறி. கால் சில்லிட்டிருப்பது, தோல் மினுமினுப்பாகி ரோமம் உதிர்வது, ராத்திரி படுத்தால் வலித்துக் காலைத் தொங்கவிட்டால் குறைவது, இவையும் உண்டு. ஆனால் நரம்பு மரத்தவருக்கு இந்த வலியும் தெரியாமல் போகலாம்.

கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் கணுக்காலிலும் பார்த்து வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு. நாள்பட்ட சர்க்கரைக்காரருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் கணக்குப் பொய்யாகக் கூடக் காட்டும். அப்போது கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டைம் ஆபீஸில் நான் சிகரெட் பிடித்தேன். தகப்பனாருக்குத் தெரியாது, சம்சாரத்துக்குத் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். ஆபரேஷன் அன்று விட்டேன். நாற்பது வயதில் விட்டிருந்தால் என்று இப்போது நினைத்து என்ன பிரயோஜனம்? வெற்றிலையோடு புகையிலை போடுகிற மாமாக்களுக்கும், பொடி போடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நடை நல்ல மருந்து. ஆடுசதை வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடந்தால் நாளடைவில் நடக்கும் தூரம் கூடுகிறது. அதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் இருக்கும்போது மட்டும் "ரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்று நடக்கவே கூடாது. ஒவ்வொரு அடியும் புண்ணை மறுபடி நசுக்கும்.

நம் சமையலறை

இங்கிலாந்தில் 20 வருஷம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் கணக்கை 2000-ல் வெளியிட்டார்கள். ஹெச்பிஏ1சி ஒரு சதவிகிதம் குறைவாக இருந்தவர்களுக்கு, கால் துண்டிப்பு அல்லது கால் ரத்தக் குழாய் நோயால் மரணம் 43 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்புண்டு. 9.8-ஐ 7-க்குக் கொண்டுவர முடியாவிட்டாலும் 8.8-க்குக் கொண்டுவந்தாலே லாபம். பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. வயதானவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். எனக்கு இப்போது 7.4.

நம் சாப்பாட்டில் எண்ணெயை விட, இனிப்பை விட, சாதம்தான் பெரிய கணக்கு. குழம்பு சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று தடவை பரிமாறுகிறோம். மூன்றையும் நான் விடவில்லை; மூன்றுக்கும் சேர்த்து ஒரே கரண்டி சாதம் என்று வைத்துக்கொண்டேன். முதலில் கறியும் கூட்டும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. சாப்பிட்டவுடன் ஈஸிசேரில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் உலாவினால் இன்னும் நல்லது.

காபிக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன்; 35, 40 கிராம் சர்க்கரை. வெல்லம், தேன், பனங்கற்கண்டு போட்டால் பரவாயில்லை என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். எல்லாம் சர்க்கரைதான்.

கோலார் ஜில்லா ராகி விளையும் பூமி. ராகி நல்ல தானியம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் மைய அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறு என்று ஏறும். களியாகவோ அடையாகவோ, காய்கறியோடு, அளவாகச் சாப்பிட வேண்டும். "ராகிதானே" என்று இரண்டு உருண்டை உள்ளே தள்ளினால் அரிசி செய்வதை ராகியும் செய்யும்.

நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரை நல்ல மருந்து. ஆனால் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் உடம்பில் சேர்வது குறைகிறது. பி12 செடிகொடிகளில் இல்லை. நம் போன்ற சைவ உணவுக்காரர்களுக்குப் பால், தயிர், மோர்தான் வழி. அது பலருக்குப் போதுவதில்லை. பி12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். அதைச் சர்க்கரையின் குற்றம் என்று விட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம். எனக்குச் சோதித்தபோது பாதாளத்தில் இருந்தது.

விரத நாட்களும் திவச நாட்களும்

கர்த்தா திவசத்தன்று சாப்பிட ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் இந்த ஆபத்து அதிகம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புது மாத்திரைகளும் நீண்ட பட்டினியோடு ஒத்துப்போகாதவை. ஏகாதசிக்கும் இதே கதை. ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் "இன்ன தேதியில் இத்தனை மணி வரை சாப்பிட மாட்டேன்" என்று சொல்லி, மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், மந்திரம் தடுமாறுவது, இவை வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். நினைவு தப்பினவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். விரதம் பங்கமாகிறதே என்று தயங்கவே வேண்டாம். ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று நம் பாட்டிமார்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆசாரமும் செருப்பும்

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. எனக்கும் மனசு ஒப்பவில்லை. இப்போது வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வைத்திருக்கிறேன். அது வாசல் தாண்டாது. தினம் கழுவித் துடைத்துவிடுவேன். பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் பலகையும் விரிப்பும் போட்டுக்கொள்கிறேன். என் சம்சாரம் முதலில் முகம் சுளித்தாள். "இன்னொரு விரல் போனாத் தேவலையா?" என்றேன். அடுத்த நாள் அவளே கடைக்குப் போய் இரண்டாவது ஜோடி வாங்கி வந்தாள்.

கோவிலுக்கு விடியற்காலையிலோ அந்தி சாய்ந்தோ போங்கள். அனுமதி இருக்கிற இடத்தில் கெட்டியான பருத்தி காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கால் மரத்தவர்கள் திருமலைப் படி, சபரிமலைப் பாதை என்று வெறுங்காலோடு கிளம்பாதீர்கள். பகவான் நம் கால் விரலைக் காணிக்கையாகக் கேட்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை அலம்ப வெதுவெதுப்பான நீர் போதும். சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றித் துடையுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது, வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவும் கூடாது. மெட்டி போட்டிருக்கும் பெண்கள் அதன் அடியில் தோல் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். செருப்பைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பின்பட்டை உள்ளதாக வாங்குங்கள். போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

சிவப்பு, வீக்கம், சூடு, கசிவு, வாடை, கறுப்பு, இவற்றில் எது இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டாலும் அப்படியே. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடந்தால் பாதம் உருக்குலைந்துவிடும்.

டைம் ஆபீஸ் கணக்கு

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்பது எங்கள் கணக்கு. ஒரு ஆள் குறைந்தால் கூட உடனே தேட ஆரம்பிப்போம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது. முப்பது வருஷம் மற்றவர்களுக்காக அந்தக் கணக்கை எழுதினவன், என் கால் கணக்கை எழுதாமல் விட்டேன்.

இப்போது தினம் ராத்திரி படுக்குமுன் விளக்கைப் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, இரண்டு பாதத்தின் அடியையும் பார்க்கிறேன். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்க்கிறேன். இரண்டு நிமிஷம். நீங்கள் பத்து வரை எண்ணலாம். நான் எட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த எட்டு இந்தப் பதினான்கு வருஷமாகக் குறையவில்லை.

கேள்வி-பதில்

கேள்வி (ஆண்டர்சன்பேட்டை அன்பர்): சுரங்க ஆஸ்பத்திரி இருந்தபோது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இப்போது சின்னப் புண்ணுக்கெல்லாம் பெங்களூர் ஓட முடியுமா?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. அதனால்தான் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது மற்ற ஊர்க்காரர்களை விட நமக்கு அதிக அவசியம். முதல் நாள் புண்ணை உள்ளூர் டாக்டரே சுத்தம் செய்து கட்டிவிடுவார். பத்தாம் நாள் புண்ணுக்குத்தான் பெங்களூர் ஓட வேண்டும். செலவும் அப்படியே. சென்னை ராயபுரம் போன்ற இடங்களில் சர்க்கரைக்கென்றே ஆஸ்பத்திரிகள் உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும் நம் காலைத் தினம் பார்க்க அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவற்கொட்டைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: சாப்பாட்டில் பாகற்காய், வெந்தயம் தாராளமாகச் சேருங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் 2003-ல் ஒருவர் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் நிறுத்திப் பார்த்தவன். அந்த ஆறு மாதத்தின் வட்டியையும் கால்தான் கட்டியது.

கேள்வி: குனிந்து பார்க்க முடியவில்லை, கண்ணும் மங்கல். தனியாக இருக்கிறவர்கள் என்ன செய்வது?

பதில்: நீளக் கைப்பிடி உள்ள கண்ணாடி கிடைக்கிறது. வெள்ளைக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கசிவு இருந்தால் கறை காட்டிக்கொடுக்கும். கையால் தடவிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமியையோ, வேலைக்கு வரும் பெண்ணையோ வாரம் இரண்டு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (ஒரு பெண்மணி): எங்காத்து மாமா காலைக் காட்டவே மாட்டேங்கறார். "எனக்கு ஒண்ணுமில்லை, வலிக்கலை" என்கிறார்.

பதில்: "வலிக்கலை" என்று சொன்னால்தான் அம்மா நீங்கள் பயப்பட வேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ணுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பண்டிகைக்கு, பிறந்த நாளுக்கு, ஊருக்குக் கிளம்பும்போது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் காலைத் தொடுகிறார்கள். தொடுகிறார்களே தவிரப் பார்ப்பதில்லை. அடுத்த தடவை நமஸ்காரம் பண்ணி எழுந்திருக்குமுன் அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம், விரலிடுக்கு, குதிகால். என் பேத்தி அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறாள். "தாத்தா, எட்டும் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதற்குப் பிறகுதான் என் ஆசீர்வாதம்.